பட்டனை அழுத்தியதும் பேசாதே

ஜூன் 11

அண்ணாவுக்கு,

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அண்ணிதான் எடுத்தார். "குளிக்கிறார்மா", "தூங்குறார்மா", "இப்பதான் வெளியே போனார்மா." ஒரு மனுஷன் இவ்வளவு குளிப்பானா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அண்ணி பாவம், விட்டுவிட்டேன். கடிதம் என்றால் நீ குளித்துத் துடைத்து வந்த பிறகும் மேசை மேலேயே கிடக்கும்.

அவர் போய் இருபத்து நான்கு நாள் ஆகிறது. அடக்கத்துக்கு வந்தாய், ஓரமாக நின்றாய், என் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போனாய். துக்கம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கிலிருந்து அவருடைய பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூடிரைவர், ஒரு கால் உடைந்த மூக்குக் கண்ணாடி, அந்தப் பழைய ரேடியோ செட். பட்டியலில் "விளையாட்டு வாக்கி-டாக்கி, ஒன்று" என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

கிடங்கு வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "பணியிலிருந்த எலக்ட்ரீஷியன் அம்மோனியா கசிவை யாருக்கும் தெரிவிக்காமல் பணியிடத்தை விட்டு ஓடியதே பேக்கிங் கூடத்தில் நால்வர் உயிரிழக்கக் காரணம்." வேலைக்குள் போகும்போதே எல்லோருடைய போனையும் கேட்டில் பிடுங்கி மரப்பெட்டியில் வைத்துவிடுவது அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று மேற்பார்வையாளர் பேக்கிங் கூடத்தின் கதவை வெளியே பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது இல்லை. உள்ளே இருந்த ஒரே டெலிபோன் இரண்டு வாரமாகச் செத்துக் கிடந்தது இல்லை. ஓடினார் என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லையே.

ஜூலை 21-ல் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அவர் ஓடவில்லை என்று அங்கே நான் காட்டியாக வேண்டும். எதை வைத்துக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அவர் பிணம் கிடந்தது பின்வேலி ஓரம். கம்பெனிக்கு அது போதும்.

நேற்று மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கழற்றாமலே கேட்டாள்: "அம்மா, அப்பா ஏம்மா ஓடினாரு?" ஓடினாரா என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்கிறாள்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எட்டு மாதம் அந்தச் செட்டைக் காதில் ஒட்டிக்கொண்டு அலைந்தார். ரேடியோ லைசென்ஸ் தேர்வு இரண்டு தடவை எழுதித் தோற்றார். உன்னிடம் சொல்லித்தரச் சொல்லிக் கேட்டார். "வயர் இழுக்கிறவனுக்கு எதுக்குய்யா கால் சைன், காக்கா குருவிகிட்ட பேசவா?" என்று உன் ரேடியோ கிளப் ஆட்கள் முன்னால் சிரித்தாய். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அதை விடு. நான் அந்தத் தேர்வை எழுதப் போகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நீ வகுப்பெடுப்பாயே, எப்படிப் பேசணும், எப்படிக் கேட்கணும் என்று, அதை எனக்கு எழுது. அவர் காதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் தங்கை

ஜூன் 17

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அலுவலகத்தில் வேலை அதிகம், அதனால்தான் போனில் பேச முடியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ ரேடியோ கற்றுக்கொள்வது நல்ல யோசனை. மனசுக்கு ஒரு பிடி வேண்டும். மாப்பிள்ளையும் சந்தோஷப்படுவார். வகுப்பில் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கேள். புதிதாக வருகிற எல்லோரும் செட் கைக்கு வந்ததும் பேசத் துடிப்பார்கள். பத்து நாள் கேட்டுவிட்டுப் பேசுகிறவனைத்தான் மற்றவர்கள் மதிப்பார்கள். யார் எப்போது வருகிறார்கள், எப்படி ஆரம்பிக்கிறார்கள், எப்படி முடிக்கிறார்கள் என்று பார். பேசும் முன்னால் "இந்த அலைவரிசை உபயோகத்தில் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உனக்குக் கேட்காத யாரோ ஒருவர் அங்கே பேசிக்கொண்டிருக்கலாம். ஒருவர் காதுக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காது. வீட்டிலும் அப்படித்தான்.

கால் சைன் என்பது உன் பெயர், முகவரி, அடையாள அட்டை எல்லாம் சேர்ந்தது. லைசென்ஸ் கொடுக்கும்போது அரசாங்கம் தரும். ஆரம்பத்திலும் முடிவிலும் தெளிவாகச் சொல். எழுத்துகளை ஒவ்வொன்றாக, ஒரு பொருளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப் பழகு. அவசரப்பட்டு விழுங்காதே.

உன்னிடம் இருப்பது ஐந்து வாட் செட். அது தனியாக நாலு தெருவைத் தாண்டாது. குன்றின் மேல் ரிப்பீட்டர் என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். உன் குரலை வாங்கி, பலமாக்கி, என் ஊர்வரை கேட்கும்படி அதுவே திருப்பி அனுப்பும். அதனால் குன்று கண்ணில் படுகிற மேடான இடத்தில் நின்று பேச வேண்டும். ஆன்டெனாவை நேராகப் பிடி. வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. கத்தினால் குரல் உடையும்.

இதை மட்டும் மறக்காதே. பட்டனை அழுத்தியதும் பேசாதே. ரிப்பீட்டர் விழித்துக்கொள்ள அரை வினாடி, ஒரு வினாடி ஆகும். மனசுக்குள் "ஒன்று" என்று எண்ணிவிட்டு வாயைத் திற. இல்லையென்றால் முதல் எழுத்தை ரிப்பீட்டர் தின்றுவிடும். புதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்தத் தப்பைச் செய்வார்கள். பேசுகிறவனுக்குத் தான் முழுசாகப் பேசியதாகத் தோன்றும். கேட்கிறவன் காதில் வேறொன்று விழும். தயவுசெய்து இதை மறக்காதே.

அப்புறம், எதிராளி பேசி முடித்ததும் சடாரென்று நீ ஆரம்பிக்கக் கூடாது. அவர் பட்டனை விட்டதும் ரிப்பீட்டரிலிருந்து ஒரு "பீப்" வரும். அதன் பிறகும் இரண்டு வினாடி விடு. இடையில் யாருக்காவது அவசரம் இருந்தால் அவர்கள் நுழைய அதுதான் வாசல். சுருக்கமாகப் பேசு. பட்டனை விட்டுவிட்டுக் கேள்.

எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று சொல்லும்போது பொய் சொல்லாதே. கிளப்பில் பாதிப் பேர் மரியாதைக்காக "பிரமாதமாகக் கேட்கிறது" என்பார்கள். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்.

ஒவ்வொரு தொடர்பையும் லாக் புத்தகத்தில் நேரத்தோடு எழுது. லைசென்ஸ் வரும்வரை பட்டன் பக்கம் போகாதே.

விசாரணை விஷயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பெரிய கம்பெனியோடு மோதி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. போனவர் போய்விட்டார். மகளைப் பார்.

அண்ணன்

ஜூன் 24

அண்ணாவுக்கு,

நன்றாக எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன். அவருக்கு இதை எழுதிக் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். இன்னொன்று. உயிரோடு இருந்தவரை அவர் உனக்கு "அந்த எலக்ட்ரீஷியன்". இப்போது "மாப்பிள்ளை" ஆகிவிட்டார். அந்த வார்த்தையைக் கேட்க அவர் பதினொரு வருஷம் காத்திருந்தார்.

இங்கே சந்தைத் தெருவில் ஒரு தையல்கடை அக்கா இருக்கிறார். உங்கள் கிளப்பிலேயே இருக்கிறாராம், கால் சைன் உண்டு. மிஷினுக்குப் பக்கத்தில் செட், செட்டுக்குப் பக்கத்தில் ஊசிப்பெட்டி. "வாம்மா, ஜாக்கெட்டா சுடிதாரா?" என்றார். "ரேடியோ" என்றேன். "அதுக்குத் துணி நீ கொண்டுவரணும்" என்று சிரித்தார். சாயங்காலம் ஒரு மணி நேரம் அங்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

விசாரணை அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போயிருந்தேன். குமாஸ்தா என் பெயரைக் கேட்டார், அவர் பெயரைக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஓ, அந்த ஓடின ஆளோட வீடா?" என்றார். பக்கத்தில் பேக்கிங் கூடத்தில் செத்துப்போன பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார். பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் எழுந்து போயிருப்பேன்.

திரும்பி வரும்போது கிடங்குக்குப் பின்பக்கமாக நடந்தேன். அவர் விழுந்த இடத்தைப் பார்த்தேன். அண்ணா, அந்த வேலி என் இடுப்புக்குத்தான் வருகிறது. ஓடுகிறவன் ஒரு காலைத் தூக்கிப் போட்டால் அந்தப் பக்கம் ரோடு. அவர் வேலிக்கு இந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்காக மண் கொட்டின மேட்டின் மேல் கிடந்தார். அங்கே ஏன் போனார்? காவல்காரரிடம் கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றார், அப்புறம் சொன்னார்: "சாப்பாட்டு நேரத்துல தெனம் அங்கதாம்மா உக்காருவாரு. அங்கதான் குன்று தெரியும், சிக்னல் எடுக்கும்பாரு. ஞாயித்துக்கெழம காலைல எங்க மச்சான் பேசுவாரு, கேளுங்கன்னு எங்கிட்ட நீட்டுவாரு. எனக்கு ஒண்ணும் புரியாது. அவரு மொகத்தப் பாத்துக்கிட்டு நானும் தலையாட்டுவேன். அன்னிக்கு மட்டும் எனக்கு லீவும்மா."

உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், ஒவ்வொரு ஞாயிறும்.

அவர் போன மே 18-ம் ஞாயிறுதான். செட் அவர் கையில் இருந்திருக்கிறது. மேட்டுக்கு ஏறியிருக்கிறார். கேட்க மட்டுமா ஏறினார்? ஞாயிறு காலை நீங்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவீர்களே, அந்த நெட்டை அன்று நீ நடத்தினாயா? கால் சைன் இல்லாத ஒருத்தர் நடுவில் வந்து பேசினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

உன் தங்கை

ஜூலை 1

பாப்பாவுக்கு,

அண்ணிக்கு உடம்பு சரியில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆம், அன்று நெட் நான்தான் நடத்தினேன். முப்பத்தொரு நிலையங்கள் வருகை சொன்னார்கள். குறிப்பிடும்படியாக ஒன்றும் இல்லை.

லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். அப்படி யாராவது வந்தால் நெட் நடத்துபவர் அவரை விலகச் சொல்ல வேண்டும், பதில் கொடுத்துப் பேச்சை வளர்க்கக் கூடாது. இது எல்லா இடத்திலும் உள்ள நடைமுறை.

மாப்பிள்ளை பேசியிருப்பார் என்று விசாரணையில் போய்ச் சொல்லிவிடாதே. நிரூபிக்க முடியாது. நிரூபித்தாலும் அவர் சட்டத்தை மீறினார் என்றுதான் ஆகும். இருக்கிற கெட்ட பெயர் போதாதா? வக்கீல் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். சமாதானமாகப் போவதுதான் நல்லது என்கிறார்.

மகளுக்குப் பென்சில் பெட்டி ஒன்று அனுப்புகிறேன்.

அண்ணன்

ஜூலை 6

அண்ணாவுக்கு,

பென்சில் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். இனிமேல் எனக்குப் பாப்பா என்று எழுதாதே. எனக்கு முப்பத்து நான்கு வயதாகிறது, நான் ஒரு விதவை.

உன் கடிதத்தைத் தையல்கடை அக்காவிடம் காட்டினேன். "குறிப்பிடும்படியாக ஒன்றும் இல்லை" என்ற வரியில் விரலை வைத்தார். மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார். "உங்க அண்ணன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். "அன்னைக்கு நானும் நெட்டுல இருந்தேன். நடுவுல யாரோ ஒருத்தர் வந்தாரு. கால் சைன் இல்ல. உங்க அண்ணன் ஒரு சத்தம் போட்டாரு பாரு, எனக்கே ஊசி கையில குத்திடுச்சு. அந்த ஆளு போகல. திரும்பத் திரும்ப வந்து 'பத்து, பத்து'ன்னாரு. யாரோ செட்ட வெச்சு வெளையாடுறாங்கன்னு நெனச்சோம். பத்து பத்துன்னா என்னம்மா அர்த்தம்?"

எனக்கும் தெரியவில்லை. பத்துப் பேர் உள்ளே மாட்டியிருக்கிறார்கள் என்றாரா? அன்று உள்ளே இருந்தது அவரோடு சேர்த்து ஐந்து பேர். இரண்டு நாள் அந்தப் பத்தை வைத்துக்கொண்டு என்னென்னவோ கூட்டிக் கழித்தேன்.

நேற்று அக்கா தன் கால் சைனைச் சொல்லி, "என் மாணவி ஒருத்தி ஒரு வார்த்தை பேசுவாள்" என்று என் கையில் மைக்கைக் கொடுத்தார். பயத்தில் அழுத்தியதும் "அக்கா" என்றேன். கடைக்கு அந்தப் பக்கம் வைத்திருந்த இன்னொரு செட்டில் என் குரல் திரும்பி வந்தது. "க்கா." அவ்வளவுதான். அக்கா சிரித்தார். "பாத்தியா, மொத எழுத்த முழுங்கிடுச்சு. காக்கா மாதிரி கத்துற."

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மைக்கைக் கீழே வைத்தேன்.

ஆபத்து.

அவர் ஆபத்து என்று சொன்னார், அண்ணா. அழுத்தியதும் பேசினார். ஆ போய்விட்டது. உங்கள் முப்பத்தொரு பேர் காதிலும் பத்துதான் விழுந்தது. ஏன் ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பட்டனை விட்டார் என்றும் தெரிந்தது. அவருடைய நோட்டில், உங்கள் கிளப் எல்லோருக்கும் கொடுக்கிற துண்டுத்தாளைப் பார்த்து அழகாக எழுதி, கீழே கோடு போட்டு வைத்திருக்கிறார்: "சுருக்கமாகப் பேசு. பட்டனை விட்டுவிட்டுக் கேள்." சொன்னபடி செய்திருக்கிறார். மூச்சு முட்டும்போதும் விதியை மீறவில்லை. முதலில் ஒன்று எண்ண வேண்டும் என்பது அந்தத் துண்டுத்தாளில் இல்லை. அது வகுப்புக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் போல.

நீ இதை எனக்கு ஜூன் 17-லேயே எழுதிவிட்டாய். "தயவுசெய்து இதை மறக்காதே." நீ யாரிடமும் தயவுசெய்து என்று சொல்கிற ஆள் இல்லை. உனக்குத் தெரியும். எப்போது தெரியும்?

இன்னொன்றும் கேட்கிறேன். அக்கா சொல்கிறார், உயிருக்கு ஆபத்து என்றால் லைசென்ஸ் இருக்கிறவன் இல்லாதவன் யாரும் எந்த அலைவரிசையிலும் கூப்பிடலாமாம், எல்லோரும் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டுமாம். தேர்வுப் புத்தகத்திலும் இருக்கிறது, பக்கம் மடித்து வைத்திருக்கிறேன். நீ எனக்கு எழுதிய நாலு பக்கத்தில் அது ஏன் இல்லை?

லாக் புத்தகம் உன்னிடம் இருக்கும். பல் விளக்கியதைக்கூட நேரம் போட்டு எழுதுகிற ஆள் நீ. எனக்கு அந்தப் பக்கம் வேண்டும்.

உன் தங்கை

ஜூலை 10

தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை ஆறு முறை எழுதிக் கிழித்தேன். அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்றது பொய். அவள் நன்றாக இருக்கிறாள். பத்து நாளாக என்னோடு பேசவில்லை. அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

லாக் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

11.38. கால் சைன் இல்லாத நிலையம். "பத்து." விலகச் சொல்லப்பட்டது.
11.39. அதே நிலையம். "பத்து."
11.41. அதே. "பத்து." எச்சரிக்கப்பட்டது.
11.46. அதே. "…பூட்டி…" மற்றது புரியவில்லை.
11.52. அதே. பட்டன் மட்டும். குரல் இல்லை.

11.46-ல் அவர் நீளமாகப் பேசினார். அது நெட்டில் எல்லோருக்கும் புரிந்திருக்கும், எனக்கும் புரிந்திருக்கும். ஆனால் அவர் பேசும்போது நான் பட்டனை அழுத்தினேன். என் செட் ஐம்பது வாட். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ரிப்பீட்டர் பலமானவன் குரலைத்தான் எடுக்கும். நான் விதிமுறையைப் படித்துக்கொண்டிருந்தேன். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்று. அவர் குரல் என் குரலுக்கு அடியில் போய்விட்டது. நான் முடித்தபோது அவரும் முடித்திருந்தார்.

யாரென்று தெரியாமல் செய்தேன் என்று எழுத நினைத்தேன். அதற்காகத்தான் ஆறு தடவை கிழித்தேன். முதல் "பத்து"-விலேயே அது அவர் குரல் என்று எனக்குத் தெரியும்.

அன்று எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி நெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் கேட்கச் சொல்லி அழைத்திருந்தேன். என் தங்கை புருஷன் லைசென்ஸ் இல்லாமல், பழைய சாமான் கடையில் வாங்கின செட்டில் வந்து உளறுகிறான், இது என் குடும்பம் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் என் புத்தி போனது. அவர் "மச்சான்" என்று கூப்பிட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அதனால்தான் அவரைப் பேசவே விடவில்லை.

அவர் மச்சான் என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஒருவேளை கூப்பிட்டும் அது எனக்கு அடியில் போயிருக்கலாம்.

மறுநாள் செய்தி வந்தபோது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு செருப்போடு திரும்பிப் போய் லாக் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பத்துக்கு முன்னால் நானே ஒரு ஆ போட்டுப் படித்தேன்.

உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையம் கிடங்கிலிருந்து ஆறு நிமிடம். அவர்கள் 12.20-க்குத்தான் போயிருக்கிறார்கள், ரோட்டில் போன ஒரு லாரி டிரைவர் நாற்றம் பிடித்துச் சொல்லி. 11.38-க்கு என் மேசையில் டெலிபோன் இருந்தது.

புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நான் விசாரணைக்கு வர இயலாது. என் நிலைமை உனக்குப் புரியும். வேலை, கிளப், எல்லாம் இருக்கிறது. புத்தகம் போதும் என்று நினைக்கிறேன்.

அண்ணன்

ஜூலை 14

புத்தகம் வந்தது.

தொழிற்சங்க வக்கீலிடம் காட்டினேன். "பென்சில்ல எழுதியிருக்கு. நேத்து ராத்திரி உக்காந்து எழுதினதுன்னு அவங்க வக்கீல் ஒரே வரில முடிச்சிடுவாரு. எழுதின கை வந்து சொல்லணும்மா" என்றார். தையல்கடை அக்கா வருகிறார். மற்ற முப்பது பேரையும் அவரே கூப்பிட்டுப் பார்த்தார். ஆளாளுக்கு ஞாபகம் இல்லையாம். ஆனால் அக்காவுக்குக் குரல் தெரியாது. அது அவர் குரல்தான் என்று சொல்ல உலகத்திலேயே இரண்டு பேர்தான் இருக்கிறோம். நான் அன்று கேட்கவில்லை.

உன் நிலைமை எனக்குப் புரியும் என்று எழுதியிருக்கிறாய். புரியவில்லை. என் நிலைமையை நான் சொல்கிறேன், ஒரே வரி. என் மகள் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

21-ம் தேதி, காலை பத்தரை, இரண்டாவது மாடி, ஏழாம் அறை. லிஃப்ட் ஓடாது.

ஜூலை 21, பேருந்து நிலையம்

தங்கைக்கு,

உன்னைப் பார்க்காமல் கிளம்பி வந்ததற்குத் திட்டாதே. திட்டினாலும் பரவாயில்லை. படியில் இறங்கிவிட்டேன். மேலே மறுபடி ஏற முடியும் என்று தோன்றவில்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், நீயும் அங்கே இருந்தாய். "குரல் தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?" என்று விசாரணை அதிகாரி அம்மா கேட்டபோது நான் சொன்ன பதில் உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. சத்தமாக வரவில்லை. "கேவலமா இருக்கும்னு நெனச்சேன்" என்று சொன்னேன். பதிவு செய்கிறவர் எப்படி எழுதுவது என்று கேட்டார். அப்படியே எழுதுங்கள் என்றேன்.

வருகிற வழியிலேயே நடந்ததை எழுதிக் கிளப்புக்கும் லைசென்ஸ் அலுவலகத்துக்கும் கடிதம் போட்டுவிட்டேன். இனி என் அலுவலகம் என்ன செய்யும் என்று தெரியாது. செய்யட்டும்.

மகளைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எப்போது வரலாம் என்று நீ சொன்னால் வருகிறேன்.

அண்ணன்

ஜூலை 29

அண்ணாவுக்கு,

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

கம்பெனி வக்கீல் எழுந்து, "தங்கச்சிக்காக அண்ணன் பொய் சொல்றாரு" என்றார். அந்த அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தன் தலையில தானே மண்ணைப் போட்டுக்குற பொய்யை யாருங்க இவ்வளவு தூரம் வந்து சொல்வாங்க?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று உத்தரவு வந்தது. "ஓடினார்" என்ற வரியை நீக்க வேண்டும், 11.38 முதல் 11.52 வரை அவர் பணியிடத்திலேயே இருந்து உதவி கேட்டார் என்று சேர்க்க வேண்டும். சாவியை எடுத்துப்போன மேற்பார்வையாளருக்குத் தனி விசாரணையாம், தேதி போடவில்லை. மேலாளர் பெயர் எங்கேயும் இல்லை. போன் பெட்டி இன்னும் கேட்டில்தான் இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் இன்று காலையும் வரிசையில் நின்று அதில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். நான் அங்கே நின்று பார்த்தேன்.

நோட்டீஸைக் கிழிக்கப் போனேன். நல்ல பசை. பாதி வந்தது, பாதி வரவில்லை. நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இன்னொரு கை வந்து சுரண்டியது. அன்று பெஞ்சு மாறிப் போனாரே, அந்த அம்மா. இரண்டு பேரும் சேர்ந்து சுரண்டினோம். அப்புறம் அவர் சொன்னார்: "பதினாலு நிமிஷம் நின்னிருக்காரும்மா. வேலியத் தாண்டியிருந்தா உனக்கு மிஞ்சியிருப்பாரு." அவர் மகள் அவருக்கு மிஞ்சவில்லையே.

நீ வந்து சொன்னதற்கு நன்றி என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. நீ வராமல் இருந்திருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வந்து சொன்னாய், எதிரே நின்று சொன்னாய். இப்போது எதுவும் முடியவில்லை. அண்ணா என்று எழுதக் கை வருகிறது, கூப்பிட வாய் வரவில்லை. நீ வாசலில் வந்து நின்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதனால் இப்போது வராதே. எப்போது என்றும் கேட்காதே.

மகளிடம் சொல்லிவிட்டேன். உத்தரவைப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் புரிகிற மாதிரி, அப்பா ஓடவில்லை, மேட்டில் ஏறி நின்று ரேடியோவில் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் என்று சொன்னேன். அந்தத் தாளை வாங்கிப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டாள். நாளைக்கு வகுப்பில் காட்டப் போகிறாளாம். சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து கேட்டாள்: "அப்பா கூப்பிட்டப்போ யாரும்மா பதில் சொல்லல?"

ஒருத்தர் என்றேன்.

"அவரு நல்லவரா கெட்டவரா?"

அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.